தடைக்காலம்

பேத்தை என்றுதான் அதைக் கூப்பிடுவேன்.
இருமினால் உப்பும்.
மல்லாந்து படுத்தால் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.
இரண்டாவது பிள்ளையை அறுத்தெடுத்த தழும்பில்
ஏழு வருஷம் கழித்து வந்து உட்கார்ந்தது.
சேலைக்கு மேல் அவர் சட்டை,
சட்டைக்கு மேல் கயிற்றுக் கட்டு.
சின்னப்பாலத்து வள்ளத்தில்
பதினோரு பெண்களுக்கு நடுவே
அதையும் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போனேன்.

ஈரப் பாசி மூட்டை இருபத்தைந்து கிலோ.
நான் பல்லைக் கடிப்பேன்
அது பல்லைக் காட்டும்.

பங்குனியில் ஒருநாள் உள்ளே போக மறுத்தது.
கல்லாய் இறுகி, கால்மணி நேரம்.
வள்ளத்தின் அடியில் கிடந்து வானத்தைப் பார்த்தேன்.
நம்புவள்ளி கவனித்துவிட்டாள்,
வயிற்றை அல்ல, முகத்தை.
மறுநாள் பஸ்ஸுக்கு அவள்தான் காசு கொடுத்தாள்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
டாக்டரம்மாவுக்கு முப்பது வயதிருக்காது.
"இருமுங்க."
பேத்தை எட்டிப் பார்த்தது.
"எத்தனை நாளா?"
மூணு வருஷம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
குடலிறக்கம்.
வயித்துச் சுவர் விட்டுப்போச்சு, குடல் அந்த வழியா வருது,
ஒருநாள் மாட்டிக்கிட்டு ரத்தம் ஓடாமல் கறுத்துப்போனா
வாந்தி வரும், அப்புறம் நேரம் இருக்காது,
அன்னைக்கு உங்களுக்கு நல்ல நேரம்,
தைச்சா மட்டும் பத்தாது, வலை வைக்கணும்.

வலையா?

எடுத்துக் காட்டினார். வெள்ளை. உள்ளங்கை அகலம்.
விரலில் தேய்த்துப் பார்த்தேன், தங்கூசி நூல் மாதிரிதான்.
கண் எத்தனை மில்லி என்று கேட்டேன்.
டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.
எப்ப வெளியே எடுப்பீங்க?
"எடுக்க மாட்டோம். சதை அதுக்குள்ளேயே வளர்ந்து பிடிச்சுக்கும்."

அதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
புள்ளிவாசல் தீவுக்குத் தெற்கே
யாரோ அறுத்துவிட்டுப் போன வலை பாரில் கிடக்கிறது.
முதல் வருஷம் அதில் நண்டு செத்தது,
ஓர் ஆமைக்குஞ்சு செத்தது.
பிறகு பாசி ஏறியது.
இப்போது அதைப் பிடுங்கினால் பார்தான் உடையும்.

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகள் கரையோடு நின்றன.
பாசிக்கும் யாரும் போவதில்லை.
கடலுக்கு விடுப்பு.
அந்தக் கணக்குப் பார்த்துத்தான் தேதி வாங்கினேன்.

முதுகில் ஊசி.
கால்கள் முதலில் பக்கத்து வீட்டுக்காரியின் கால்களாயின,
பிறகு யாருடையவும் இல்லை.
விளக்கு போட்டதும்
பழக்கத்தில் மூச்சை அடக்கிவிட்டேன்.
"மூச்சு விடும்மா, இது என்ன கடலா?"
நர்ஸ் அதட்டினாள்.

ஆறு வாரம் குடம் தூக்கக்கூடாது.
முக்கக்கூடாது. நடக்கணும்.
இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ளணும்.
சிரிப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

குழாயடியில் எட்டுப் பெண்களுக்குப் பின்னால்
சேதுபாண்டி குடத்தோடு நின்றார்.
முதல் நாள் தோளில் வைத்து வந்தார், பாதி சிந்தியது.
நாலாம் நாள் இடுப்பில் வைத்து
ஒருக்களித்து நடந்து வந்தார், நண்டு மாதிரி.
தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தேன்.
தையல் ஒவ்வொன்றும் தன் பேரைச் சொன்னது.
"வலிக்குதா?" என்றார், குடத்தை இறக்காமலே.
அதற்கும் சிரிப்பு வந்தது.

தழும்புக்குக் கீழே
கொஞ்சம் தோல் மரத்துக் கிடக்கிறது.
கிள்ளினால் கிள்ளும் விரலுக்குத்தான் தெரிகிறது.
வந்துவிடும் என்கிறார் டாக்டரம்மா,
சிலருக்கு வருவதில்லை என்றும் சொல்கிறார்.

நேற்று கரையில் யாருமில்லாதபோது
கையை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே இருமினேன்.
இன்னொரு தடவை.
ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை.
கை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

மூட்டைக்கு மூன்று மாசமாவது ஆகணுமாம்.
வட்டிக்காரருக்கு அந்தக் கணக்குப் புரியாது.
நம்புவள்ளி சொல்கிறாள்:
நீ முங்கி அறு, வள்ளத்துல நான் ஏத்துறேன்,
மூணுல ஒரு பங்கு எனக்கு.
நாலுல ஒண்ணு என்கிறேன்.
பஸ் காசை ஞாபகப்படுத்துகிறாள்.